மணியை மேசையிலிருந்து எடுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, மருத்துவமனை முதல்வர் அவர்களே, தேர்வுக் குழுவில் என்னோடு சண்டை போட்டுச் சலித்த பேராசிரியர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் அறக்கட்டளை உறுப்பினர்களே, அவர்களை அழைத்துவந்த கணவர்களே, மனைவிகளே, பிள்ளைகளே, விருது வாங்கியவர்களே, கிடைக்காமல் போனவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கிடைக்காமல் போனவர்களைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சற்றுமுன் வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருது வாங்கியவர்களைவிட வாங்காதவர்கள் கூட்டம்தான் அதிகம். ஒரு தேர்வுக் குழுத் தலைவர் இறந்ததற்கு, அவர் வேண்டாமென்று தள்ளியவர்கள் பஸ் பிடித்து வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் விண்ணப்பத்தைத் தள்ளிய ஆட்கள் யாராவது போய்ச்சேர்ந்தால் நான் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்துவிடுவேன். உங்களால் அது முடியவில்லை. ஏன் முடியவில்லை? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நம்மை விட்டுப் போனவரை ஆளுக்கொரு பெயரில் கூப்பிட்டோம். நோயாளிகளுக்கு அவர் டாக்டரம்மா. அலுவலகத்துக்குத் தலைவர் மேடம். எனக்கு அக்கா. என் தலையில் முடி போய், ஓய்வூதியமும் வாங்கத் தொடங்கிய பிறகும் நான் அவருக்குத் தம்பிதான். "தம்பி, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க" என்று அத்தனை பேர் முன்னிலையில் மரியாதை குறையாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இனி அப்படிச் சொல்ல எனக்கு ஆளில்லை. எனவே இன்று கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் நரம்பியல் மருத்துவர். வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியது ஒரே நோயோடு. இயக்க நரம்பணு நோய். இந்த அரங்கில் பாதிப் பேருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தசையை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். முதலில் சட்டைப் பொத்தான் போட வராது. பிறகு படி ஏற வராது. நாக்கு குழறும், பேச்சு போகும், கடைசியில் மூச்சும் போகும். அறிவு பெரும்பாலானவர்களுக்கு அப்படியே இருக்கும். கண்ணும் பெரும்பாலும் கடைசிவரை அசையும். உள்ளே முழு மனிதர் உட்கார்ந்திருப்பார். நாம்தான் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து, நல்ல இடத்தில் டிவியை அணைத்துவிட்டுப் போவோம்.

இந்த நோயை ஆராய வருகிறவர்களுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? பெரிய நிதியெல்லாம் பெரிய நோய்களைத் தேடிப் போகிறது. அதில் தப்பில்லை, அங்கே நோயாளிகள் ஏராளம். இங்கே நோயாளிகள் குறைவு. இருக்கிறவர்களும் நெடுநாள் இருந்து, தெருவில் இறங்கிக் கோஷம் போட்டுக் கேட்கும் நிலையில் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்துக்குக் கொடுக்கவும் ஆள் வருவதில்லை. அக்கா தன் நோயாளிகளின் குடும்பங்களைக் கூட்டி இந்த அறக்கட்டளையைத் தொடங்கியது அதனால்தான். இளம் ஆராய்ச்சியாளருக்கு ஒரு தொடக்க உதவித்தொகை. வெளியூர்க் கருத்தரங்குக்குப் போக வழிச்செலவு. நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் புதுவழி கண்ட செவிலியருக்கு ஒரு விருது. எல்லாம் சிறியவைதான். ஆனால் படித்து முடித்த ஒரு பிள்ளை இந்த நோயின் பக்கம் திரும்புமா, வேறு பக்கம் போய்விடுமா என்பதை அந்தச் சிறிய தொகைதான் முடிவு செய்கிறது.

நரம்பியல் பிரிவின் தாழ்வாரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தொலைந்த குடை, வாடகைக்கு அறை, பழைய சைக்கிள் விற்பனைக்கு, இவற்றுக்கு நடுவில் அக்காவின் அறிவிப்புகள் இருக்கும். எங்கள் உதவித்தொகை மட்டுமல்ல, வேறு எந்த அமைப்பு எந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தாலும் அதையும் கைப்பட எழுதிக் குத்திவைப்பார். "இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வைக்கலாமே அக்கா, எல்லாரும் கிழிச்சிட்டுப் போறாங்களே" என்றேன் ஒருமுறை. "கிழிச்சிட்டுப் போகத்தானே தம்பி ஒட்டறேன்" என்றார். கிழிந்த இடத்தில் மறுநாள் காலையில் புதிது இருக்கும்.

விருது கிடைக்காதவர்களுக்கு 'வருந்துகிறோம்' என்று ஒற்றை வரிக் கடிதம் அனுப்புவது உலக வழக்கம். அக்கா அதை ஒருநாளும் அனுப்பவிடவில்லை. தானே போன் செய்வார். "உங்க ஆராய்ச்சி மோசமில்ல. நீங்க அதைச் சொல்ற விதம்தான் மோசம். பேனா எடுத்துக்குங்க" என்று தொடங்குவார். எங்கே தடுமாறியிருக்கிறது, எதைத் திருத்த வேண்டும், வேறு யார் எந்த மாதம் விண்ணப்பம் கேட்பார்கள், அங்கே என்ன எதிர்பார்ப்பார்கள், எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். சிலர் அழுவார்கள். சிலர் திட்டுவார்கள். ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், இதோ நடுவரிசையில் தலையைக் குனிந்துகொண்டுவிட்டார், "உங்களுக்கு விஞ்ஞானமே தெரியாது" என்று கத்தியிருக்கிறார். "எனக்குப் புரியலைன்னுதான் போன் பண்ணேன். விளக்குங்க, கேட்டுக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாராம் அக்கா. மறுவருடம் அவருக்குத்தான் உதவித்தொகை.

அத்தான் இதோ அமர்ந்திருக்கிறார், அக்காவின் வீட்டுக்காரர். டயர்க் கடை வைத்திருந்தவர். அறிவியல் அவருக்குக் காத தூரம். அவரைத்தான் அக்கா சோதனைக்குப் பயன்படுத்தினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையிலேயே விண்ணப்பங்களைப் பரப்பி, அத்தானை உரக்க வாசிக்கச் சொல்வார். பெயர்களை அலுவலகம் முன்பே மறைத்து அனுப்பியிருக்கும். அத்தான் சாதாரணமாக இரண்டாம் பக்கத்தில் கண்ணயர்ந்துவிடுவார். உடனே அந்த விண்ணப்பதாரருக்கு ஆலோசனை தயாராகிவிடும். "எங்க வீட்டுக்காரர் உங்க ரெண்டாவது பக்கத்துல தூங்கிட்டார். அதை மாத்தி எழுதுங்க." இப்படி ஒரு மதிப்பீட்டு முறை எந்தப் பல்கலைக்கழகத்திலாவது உண்டா? ஆனால் அதைக் கேட்டு மாற்றி எழுதியவர்களுக்கெல்லாம் பிற்பாடு எங்கேயாவது பணம் கிடைத்திருக்கிறது.

இத்தோடு நான் நிறுத்திக்கொண்டால் நல்ல புகழுரை. கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் மணியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அக்காவே என்னை மன்னிக்கமாட்டார். ஒருங்கிணைப்பாளர் சீட்டு ஒன்று அனுப்பியிருக்கிறார், எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் தேர்வுக் குழுவில் இயக்க நரம்பணு நோய் உள்ளவர் ஒருவர் எப்போதும் உறுப்பினராக இருப்பார். பேருக்கு அல்ல, ஓட்டு உண்டு. அந்த நாளில் இருந்தவரை வாத்தியார் என்போம். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நான் சொல்லப்போகும் கூட்டத்தின்போது அவருக்குப் பேச்சு போய்விட்டது, கைகால் போய்விட்டது, கண் இருந்தது. அவர் மனைவி எதிரில் உட்கார்ந்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகை ஒன்றை இருவருக்கும் நடுவில் பிடிப்பார். அதில் எழுத்துகள் கூட்டம் கூட்டமாக எழுதியிருக்கும். வாத்தியார் எந்தக் கூட்டத்தைப் பார்க்கிறார் என்று மறுபக்கத்திலிருந்து கண்டுபிடித்து, அந்தக் கூட்டத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். சரியான எழுத்து வந்தால் வாத்தியார் கண்ணை மேலே தூக்குவார். ஓர் எழுத்து. பிறகு அடுத்தது. ஒரு சொல் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடித்திருப்பார்.

அக்காவின் கையில் ஒரு சின்னப் பித்தளை மணி இருக்கும். விண்ணப்பதாரருக்குப் பத்து நிமிடம். அவர் வெளியே போன பிறகு ஒவ்வோர் உறுப்பினருக்கும் கருத்துச் சொல்ல ஒரு நிமிடம். நேரம் முடிந்தால் மணி. யாராக இருந்தாலும் மணி. அந்த மணி இல்லாவிட்டால் எங்கள் பேராசிரியர்கள் பேச்சை எப்போது நிறுத்துவார்கள் என்று சொல்லவே முடியாது. நானும் அதில் சளைத்தவன் இல்லை.

அந்த வருடம் இறுதிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எலிகளை வைத்து நரம்பு ஏன் சாகிறது என்று தேடும் பெரிய பேராசிரியர். நல்ல ஆராய்ச்சி. நானும் உயிர்வேதியியல்காரன், எலிகளோடு காலம் தள்ளியவன், குறை சொல்லமாட்டேன். இன்னொருவர் அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கிய பெண். இருமல் சத்தத்தைச் சாதாரண கைபேசியில் பதிவுசெய்து, அந்தச் சத்தத்தை வைத்தே மார்புத் தசை எவ்வளவு பலவீனப்பட்டிருக்கிறது என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா என்பது அவளுடைய கேள்வி. இரும முடியாதவருக்குச் சளி தேங்கும், சளி தேங்கினால் நெஞ்சில் தொற்று வரும். இந்த நோயில் ஆளைக் கொண்டுபோவது பல நேரம் அதுதான். நேரத்தோடு தெரிந்தால் உதவிக் கருவி கொடுக்கலாம், வீட்டாருக்குப் பழக்கலாம். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் இருமல் பொண்ணு. அவளே எங்கள் முன்னால் விதவிதமாக இருமிக் காட்டினாள்.

குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. எலிக்காரனான நான் இருமல் பொண்ணு பக்கம். கடைசியாக வாத்தியார் முறை. வாத்தியார் கண் பலகைக்குப் போனது. மனைவி வாசிக்கத் தொடங்கினார். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது அக்கா மணியை அடித்துவிட்டார்.

வாத்தியார் தரப்பில் கருத்தில்லை என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் சமம் என்பதால் தலைவரின் ஓட்டு. அக்கா யோசித்துவிட்டு, அனுபவம் உள்ளவர் என்று பேராசிரியருக்குப் போட்டார். வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரிடமும் முடிவைச் சொன்னார்கள். இருமல் பொண்ணு பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்த பிறகு வாத்தியாரின் மனைவி அக்காவிடம் வந்தார். "மேடம், அவர் இன்னும் சொல்லி முடிக்கலை. சொல்லிக்கிட்டேதான் இருக்கார்" என்றார்.

அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். காலியான குழு அறையில் வாத்தியார், மேசையில் சாய்த்துவைத்த பலகையைப் பார்த்தபடி இருந்தார். ஒவ்வோர் எழுத்தாக வந்து முடிந்ததும் அவர் மனைவி கூட்டி வாசித்தார். "என்னால இரும முடியல. அந்தப் பொண்ணுக்கே குடுங்க."

அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். பஸ் போய்விட்டது. அறிவித்த முடிவை மாற்ற முடியாது என்று அறங்காவலர்கள் விதியைக் காட்டினார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்டார், அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டார். நடக்கவில்லை. அந்தப் பெண் வேறு வழியில்லாமல் ஒரு பிஸ்கெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இருமலைக் கேட்டு மார்பின் பலத்தைச் சொல்லவிருந்தவள், பிஸ்கெட் உடையும் சத்தத்தைக் கேட்டு அது போதுமான அளவு மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். குறையைச் சொல்லாமல் எப்படி வருத்தப்படுவது? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. நான் அறிந்த அக்கா யார்? தன் மருத்துவ அறையில் நோயாளி ஒரு வார்த்தையை இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பவர். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும் முகம் சுளிக்காதவர். அதே ஆள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மணியைக் கையில் எடுத்துவிட்டார். கெட்ட எண்ணமா? இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதுதான் நியாயம் என்று மனதார நம்பினார். வாய் உள்ளவருக்கும் ஒரு நிமிடம், கண் மட்டும் உள்ளவருக்கும் ஒரு நிமிடம். வேறெந்த நோய்க்கான குழுவும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. இந்த நோயையே உண்டு உறங்கி வாழ்கிற எங்கள் குழுவில்தான் அது நடந்தது.

அந்த வாரமே வாத்தியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வாத்தியார் பலகையில் பதில் சொன்னார். எத்தனை நேரம் ஆயிற்று என்று அக்கா பார்க்கவில்லை. "மணி நல்ல மணி. என் ஸ்கூலுக்குக் குடுத்துடுங்க" என்று வந்தது. சொல்லிவிட்டு வாத்தியார் கண்ணாலேயே சிரித்தாராம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மணி மறுநாளே அந்தப் பள்ளிக்குப் போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தில் வாத்தியாருக்கு நெஞ்சில் சளி கட்டித் தொற்றாகி, அவரும் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கொடுத்திருந்தால் வாத்தியார் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஆராய்ச்சி அத்தனை சீக்கிரம் பலன் தராது, அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த இறப்பை அக்கா மறக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரே விதி. பலகை வழியாகப் பேசுபவர் "முடிந்தது" என்று கண்ணால் சொல்லும்வரை ஓட்டெடுப்பு இல்லை. காப்பி ஆறும், வெளியே வெயில் சாயும், கூட்டம் மறுநாளுக்குப் போகும். ஒரு பேராசிரியர் ராஜினாமாவே செய்துவிட்டார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தோம். பிறகு பார்த்தால், காத்திருந்து காத்திருந்து, பேசுகிற எங்களுடைய பேச்சு சுருங்கிவிட்டது. ஒருவர் கண்ணால் எழுத்துக்கூட்டி ஐந்து சொற்களில் கருத்தைச் சொன்ன பிறகு, அதே அறையில் எந்த வெட்கத்தோடு நீட்டி முழக்குவது?

இன்னொன்றும் செய்தார். ஆராய்ச்சியை விட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்கென்று ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார். வயது வரம்பு கிடையாது. இடையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வி கிடையாது. யாரை நினைத்து அதை ஏற்படுத்தினார் என்று எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அறிவிப்பு வந்த உடனே அத்தானைக் காரோட்டச் சொல்லி அந்த பிஸ்கெட் கம்பெனிக்கே போய்விட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். வாசல் காவலர் எங்களை உள்ளே விடவில்லை. தலையில் வலைத்தொப்பியோடு அந்தப் பெண் வெளியே வந்தாள். அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தப்பு என்னோடது. வாத்தியார் ஓட்டு உனக்குத்தான். திரும்பி வந்துடும்மா."

"நான் அதைத் தப்பா எடுத்துக்கலை அம்மா. எத்தனை வருஷத்துக்கு உதவித்தொகை?"

"ரெண்டு வருஷம்."

"அப்புறம்?"

அந்தப் பெண் கோபப்படவில்லை, பொறுமையாகவே சொன்னாள். "ரெண்டு பிள்ளைங்க இருக்கு அம்மா. இங்க மாசம் பொறந்தா சம்பளம் வருது. ரெண்டு வருஷம் இருமலைக் கேட்டுட்டு, மறுபடி எந்த வாசல்ல போய் நிப்பேன்?" வேலை நேரம் என்று உள்ளே போய்விட்டாள். போகும்போது எங்கள் கையில் ஆளுக்கொரு பிஸ்கெட் பாக்கெட் கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் யாரும் அதைப் பிரிக்கவில்லை.

அன்றுமுதல் அக்கா எல்லாக் கூட்டத்திலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டார். அப்புறம்? உதவித்தொகை கொடுக்கிறோம், விருது கொடுக்கிறோம், சால்வை போர்த்திப் புகைப்படம் எடுக்கிறோம், அப்புறம்? இந்த நோயை ஆராய வருகிறவர் நிலைத்து உட்கார ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று கேட்டார். மேடையிலிருக்கும் அறங்காவலர்களுக்கு இது நினைவிருக்கும். "அடுத்த கூட்டத்துல பாக்கலாம் மேடம்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னீர்கள். அக்காவும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து பார்த்தார். இனி வரமாட்டார்.

அவர் போன விதத்தை அத்தான் என்னிடம் சொன்னார். சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் விண்ணப்பங்கள். அத்தான் உரக்க வாசிக்கிறார். முதல் பக்கம் முடிந்தது, இரண்டாம் பக்கம் முடிந்தது. அதிசயமாக அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. எழுதியவர் நன்றாக எழுதியிருந்தார். "இன்னைக்கு நான் தூங்கலை பாத்தியா" என்று சொல்லிக்காட்டத் தலையை நிமிர்த்தினார். அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்மூடியிருந்தார். பழிக்குப் பழி வாங்குகிறாள் என்று நினைத்து அத்தான் சிரித்துக்கொண்டே மூன்றாம் பக்கத்தையும் வாசித்திருக்கிறார். "கேட்டுக்கிட்டுதான் இருக்கான்னு நெனச்சேன் தம்பி" என்றார் என்னிடம். இதயம் நின்றுவிட்டிருந்தது. எத்தனையோ பேருடைய வார்த்தைக்குக் காத்திருந்தவருக்குக் கடைசி வார்த்தை என்று ஒன்றுமே இல்லை.

இனிமேல் சொல்லப்போவது மேடைக்கு உவப்பாக இருக்காது. அறங்காவலர் குழுவின் அடுத்த கூட்டத்துக்கான பொருள்நிரல் எனக்கும் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. திரும்பி வருவோருக்கான உதவித்தொகைக்குத் தகுந்த ஆட்கள் வராததால் அதை நிறுத்திவிடலாம் என்பது ஒன்று. தேர்வுக் குழு நேரில் கூடுவதால் நாள் வீணாகிறது, உறுப்பினர்கள் வீட்டிலிருந்தபடியே கணினியில் மதிப்பெண் போட்டு அனுப்பிவிடலாம் என்பது மற்றொன்று. மதிப்பெண் போடும் பக்கம் குறித்த நேரத்தில் தானாக மூடிக்கொள்ளுமாம். அதாவது ஐயா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்ட மணியைத் திரும்ப வாங்கிவரப் போகிறீர்கள்.

வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேனே. அப்போது ஒரு பெண் வந்தாள். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. முதலில் அடையாளம் தெரியவில்லை. "சார், நான் இருமல் பொண்ணு" என்றாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, என் மானம் போயிற்று. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்களாம். அக்கா அவளோடு போனில் பேசிக்கொண்டே இருந்தாராம், வருடத்துக்கு ஒருமுறையாவது, வற்புறுத்தாமல், சும்மா நலம் விசாரிப்பதுபோல். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், அந்த உதவித்தொகைக்குத் தேதி முடிஞ்சிடுச்சா?"

இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க சார்" என்றாள். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவாள்.

அக்கா எத்தனை வருடம் காத்திருந்த கேள்வி அது! அதைக் கேட்கும்போது அவர் இல்லை. இந்த வருத்தத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பேன்? அன்று அவள் பஸ் ஏறிப் போன பிறகு அக்கா ஓடினார். இன்று அக்கா போன பிறகு அவள் வந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. இருப்பவர்கள் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவளுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, எல்லோரையும்போல் அவளும் விண்ணப்பிக்கட்டும், அத்தான் தூங்காமல் இருந்தால் மேலே போகட்டும். கதவைச் சாத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அப்புறம் என்று அவள் மறுபடி கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைத் தயார்செய்து வையுங்கள் என்றும் கேட்கிறேன்.

என் பங்குக்கு நான் இந்த அவையின் முன் வாக்குக் கொடுக்கிறேன். தாழ்வாரத்துப் பலகையில் ஒவ்வொரு மாதமும் அறிவிப்பு இருக்கும், கிழியக் கிழிய ஒட்டுவேன். விருது கிடைக்காத ஒவ்வொருவருக்கும் என் போன் வரும். என் குரல் அக்கா குரல்போல இருக்காது, எரிச்சலாகத்தான் இருக்கும், சகித்துக்கொள்ளுங்கள். தேர்வுக் குழு கணினிக்குள் போனாலும் நான் போகமாட்டேன். பழைய அறையில், அதே மேசையில், பலகை வழியாகப் பேசுபவரின் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

மறுபடியும் சீட்டு வந்திருக்கிறது. எனக்குப் பிறகு நிகழ்ச்சி நிரலில் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறார்கள். அன்புகூர்ந்து அந்த ஒரு நிமிடம் என்ற சொல்லை மட்டும் அக்காவின் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

முன்வரிசையில் தையல்காரம்மா இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். இப்போது வாத்தியாரின் இடத்தில் எங்கள் குழு உறுப்பினர். நான் மேடையேறும் முன்பே அவர் மகன் என்னிடம் சொன்னான், "அம்மா ஏதோ சொல்லணுமாம் அங்கிள்" என்று. நிரலில் அவர் பெயர் இல்லை. என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் பேசுவார் என்ற உத்தரவாதமும் இல்லை, போன கூட்டத்தில் என்னைத்தான் எதிர்த்தார்.

மௌனமாகத்தானே நிற்கப்போகிறோம்? அவர் சொல்லி முடிக்கும்வரை மௌனமாக இருப்போம். நிற்க முடியாதவர்கள் உட்காருங்கள். அறங்காவலர்களும் உட்காருங்கள். மகனே, பலகையைத் தூக்கிப் பிடி. எழுத்து வர வர உரக்கச் சொல், கடைசி வரிசைவரை கேட்கட்டும்.

அம்மா, நீங்கள் சொல்லுங்கள். எங்களுக்கு ஓர் அவசரமும் இல்லை.